சங்கம் கூடினால் நூல் பிழைக்கும்



தமிழில் முஸ்லிம் பெருமக்களைச் சார்ந்து எழுந்த நூல்களுள் மிகப் பழமையானது எது என்று வினவினால், ஆய்வாளர்கள் பலரும் 'பல்சந்தமாலை' என்னும் பெயரையே கூறுவர். அந்நூலை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டால் எவராலும் காட்ட இயலாது. அந்நூல் அழிந்து போயிற்று. பாடிய புலவரின் பெயரும் அதனோடு மறைந்தது. இன்று எஞ்சியிருப்பவை எட்டுச் செய்யுள்களே ஆகும்.

அந்த எட்டும் எவ்வாறு எஞ்சின தெரியுமா? நம் முன்னோர் பெட்டியில் வைத்துப் பேணியதால் அல்ல. களவியற்காரிகை என்னும் அகப்பொருள் இலக்கண நூலுக்கு உரை வகுத்த சான்றோர் ஒருவர், இலக்கண விதிகளுக்கு எடுத்துக்காட்டாக அப்பாடல்களை ஆங்காங்கே எடுத்தாண்டார். பின்னாளில் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை அவ்வுரையைத் தேடிப் பதிப்பித்தார். அதனாலேயே பல்சந்தமாலை என்றொரு நூல் இருந்தது என்பதை நாம் அறிந்தோம். நம் வீட்டுச் செல்வத்தின் ஒரு துளியை அடுத்த வீட்டார் காத்துக் கொடுத்தனர் என்றே இதனைக் கூற வேண்டும்.

புலவர் பாடிவிட்டால் நூல் பிறந்துவிடும். ஆனால் பிறந்த நூல் வாழ்வதற்குப் புலவர் ஒருவரால் ஆவது ஒன்றுமில்லை. படியெடுப்பவர், பொருள் உதவுபவர், அச்சிடுபவர், கூடிப் படிப்பவர், பிழை திருத்துபவர், அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பவர் எனப் பலர் சேர்ந்தாலன்றி நூல் பிழைப்பதில்லை. அப்படிப் பலர் ஒன்று சேர்வதற்குத் தமிழர் இட்ட பெயரே சங்கம். கழகம் என்றும் மன்றம் என்றும் அதனை வழங்குவர்.

முஸ்லிம்களின் தமிழ்ச் செல்வத்தை இத்தகைய சங்கங்கள் எவ்வாறு காத்தன என்பதையும், அப்பணி இன்று யார் கைக்கு வந்திருக்கிறது என்பதையும் இந்த வெள்ளியன்று சிந்திப்போம். குறிப்பாக, ஊரையும் உறவையும் விட்டுத் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இச்செய்தி மிகவும் தேவையானது.

வள்ளலின் கொடையும் அச்சின் துணையும்

அச்சு வருவதற்கு முன்னர் நூலுக்கு அரணாக நின்றவர்கள் வள்ளல்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் இதற்குச் சிறந்த சான்றாகும். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தினால் தொடங்கப்பெற்ற அக்காப்பியம், அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அவர்களின் ஆதரவினால் வளர்ந்து அரங்கேறியது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களாக அது விரிகிறது. எனினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு முழுவதும் அதில் நிறைவுறவில்லை. எஞ்சிய பகுதியைப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்ன சீறா' என்னும் பெயரால் பாடி நிறைவு செய்தார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடங்கிய இச்செயல், கல்விப்பணி தனி ஒருவரின் உடைமையன்று என்பதை அன்றே உணர்த்திற்று.

சீறா அரங்கேறிய பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஓலையிலேயே இருந்தது. செல்வர் வீட்டுப் பேழைகளிலும் புலவர் இல்லங்களிலும் சில படிகள் இருந்தன. படிக்குப் படி பாட வேறுபாடும் இருந்தது. அவ்வேடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கி 1842-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேற்றியவர், புலவர் நாயகம் என்று போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். சேகனாப் புலவர் என்று மக்கள் அன்புடன் அழைத்த இப்பெரியார், தாமே பல காப்பியங்களை இயற்றிய பெரும்புலவர். ஆயினும் தம் நூல்களோடு நின்றுவிடாமல் தமக்கு முன்னிருந்தவரின் நூலைக் காக்கவும் காலத்தைச் செலவிட்டார். பிறர் நூலைப் பதிப்பிப்பவருக்குப் பெரும்புகழ் கிட்டுவதில்லை. ஆனால் அவர் அன்று அவ்வுழைப்பை மேற்கொள்ளாதிருந்தால், பல்சந்தமாலைக்கு நேர்ந்த கதி சீறாவுக்கும் நேர்ந்திருக்கலாம் அன்றோ?

நாகூர் நாவலர் காட்டிய வழி

காலம் மாறியது. வள்ளல்களும் ஜமீன்தார்களும் குறைந்தனர். புலவரை ஆதரிக்கும் பொறுப்பு மெல்ல மெல்லச் சங்கங்களின் கைக்கு வந்தது. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரையில் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியும் கிடைக்கவில்லை என்ற வருத்தமே அவரை இம்முயற்சியில் தூண்டியது என்பர். சங்கம் ஒரு நூலகத்தை அமைத்தது. அச்சகம் நிறுவியது. 'செந்தமிழ்' என்னும் திங்களிதழை வெளியிட்டது. ஏடுகளைத் திரட்டியது, தேர்வுகள் நடத்தியது. ஒரு மொழிச் சங்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரியாக விளங்கிற்று.

அச்சங்கத்தின் தொடக்க காலப் புலவர்களுள் ஒருவராக நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) வீற்றிருந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் இவர். நாகூர்க் கலம்பகம், நாகூர்ப் புராணம் போன்ற நூல்களை யாத்தவர். 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தியவர்.

நாவலர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் குறித்துப் புலவராற்றுப்படை ஒன்று பாடினார். ஆற்றுப்படை என்பது பழந்தமிழ் மரபு. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொருவரிடம், இன்ன அரசனிடம் செல்க, உன் துன்பம் தீரும் என்று வழிகாட்டுவதே அதன் இலக்கணம். நாவலரோ புலவரை அரசனிடம் ஆற்றுப்படுத்தவில்லை. ஒரு சங்கத்தினிடம் ஆற்றுப்படுத்தினார். தனி ஒருவரின் கொடையை நம்பியிருந்த காலம் முடிந்தது, இனிப் பலரும் கூடி நடத்தும் அமைப்பே புலவனுக்குப் புகலிடம் என்பதை ஒரு முஸ்லிம் புலவர் அன்றே உணர்ந்து பாடினார் என்பது சிந்திக்கத்தக்கது.

கோட்டாற்றில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அவர்களையும் இங்கு நினைவு கூர்தல் வேண்டும். 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் நிறைந்த அவையில் நூறு செயல்களை ஒரே வேளையில் கவனித்து விடையளித்துச் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். அவையில் அத்துணைப் புகழ் பெற்ற அப்பெருமகனார், சீறாப்புராணத்துக்கு உரை வகுக்கும் அமைதியான பணியையும் மேற்கொண்டார்.

மலையகச் சிற்றூரில் ஒரு மன்றம்

இனி, கடல் கடந்து இலங்கைக்குச் செல்வோம். 1943-ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் சுவாமி விபுலாநந்தர். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் பாணந்துறைப் பகுதியைச் சேர்ந்த மு. மு. உவைஸ் (1922–1996). முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராயுமாறு அம்மாணவரை ஊக்கியவர் காவியுடை தரித்த அத்துறவியே ஆவார். அக்காலத்தில் அப்பொருள் பற்றிப் பல்கலைக்கழக அளவில் விரிவான ஆய்வு நிகழ்ந்திருக்கவில்லை. சிதறிக் கிடந்த நூல்களை உவைஸ் ஊர் ஊராகத் தேடினார். முதுகலைப் பட்டத்துக்குரிய ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்தார்.

அந்த ஆய்வேட்டை 1953-இல் நூலாக வெளியிட்டது பெரிய பதிப்பகம் எதுவும் அன்று. கண்டிக்கு அருகில் கல்ஹின்னை என்னும் மலையகச் சிற்றூரில் இயங்கிய தமிழ் மன்றமே அதனை வெளியிட்டது. சிங்களம் பேசும் மக்கள் சூழ வாழும் ஒரு முஸ்லிம் கிராமம். அவ்வூரைச் சார்ந்த எஸ். எம். ஹனிபா அவர்களின் முயற்சியால் வளர்ந்த அம்மன்றம், முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டை உலகுக்கு எடுத்துரைத்த அந்நூலைத் தன் பொறுப்பில் கொண்டுவந்தது. பெரிய நகரமும் பெரும் பொருளும் இருந்தால்தான் இத்தகைய பணி நடக்கும் என்று எண்ணுவோர் கல்ஹின்னையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருச்சி முதல் கொழும்பு வரை

தமிழகத்தில் 1973-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஒரு கழகமும் அதனையொட்டி உருவாயிற்று. அடுத்த ஆண்டே, 1974-இல், சென்னையில் இரண்டாம் மாநாடு நிகழ்ந்தது. 1978-இல் காயல்பட்டினமும், 1979-இல் கொழும்பும், 1990-இல் கீழக்கரையும் முறையே மூன்றாம், நான்காம், ஐந்தாம் மாநாடுகளுக்கு இடமளித்தன. 2002-இல் மீண்டும் கொழும்பில் அறிஞர்கள் கூடினர்.

இம்மாநாடுகளால் விளைந்த நன்மைகள் பல. முதலாவதாக, தமிழகத்து ஆலிமும் இலங்கைப் பேராசிரியரும் மலேசிய எழுத்தாளரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். ஓரூரில் அறியப்பட்ட நூல் மற்ற ஊர்களுக்கும் அறிமுகமாயிற்று. இரண்டாவதாக, மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய இலக்கிய வகைகள் முஸ்லிம் புலவர்களால் தமிழுக்கு வந்த புதிய செல்வங்கள் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் வாயிலாக நிலைநாட்டப்பெற்றது. 1572-ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' போன்ற பழம்பெரும் நூல்கள் மாணவர்களின் கவனத்தைப் பெற்றன. மூன்றாவதாக, மறைந்து போன பதிப்புகள் மறுபடியும் வெளிவந்தன. கல்ஹின்னைத் தமிழ் மன்றம் 1953-இல் வெளியிட்ட உவைஸ் அவர்களின் நூலையே கீழக்கரை மாநாடு 1990-இல் மீண்டும் அச்சிட்டு வழங்கியது. ஒரு சிற்றூர் மன்றம் ஏற்றிய விளக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கரையில் மறுபடியும் சுடர்விட்டது எனலாம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு ஓர் இருக்கை அமைந்தபோது அதனை ஏற்றவரும் அதே உவைஸ் அவர்களே. பேராசிரியர் பீ. மு. அஜ்மல்கான் அவர்களுடன் இணைந்து அவர் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' 1986 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இன்று எந்த மாணவர் இத்துறையில் ஆய்வு செய்யப் புகுந்தாலும் அத்தொகுதிகளைத் தொடாமல் செல்ல முடியாது.

பந்தல் பிரிந்த பின்பு

நன்மையைச் சொல்லிக் குறையை மறைத்தல் முறையாகாது. மேற்கண்ட ஆண்டுகளை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். 1979-க்கும் 1990-க்கும் இடையே பதினோரு ஆண்டுகள். பின்னர் நிகழ்ந்த கூட்டங்களுக்கிடையேயும் நீண்ட இடைவெளிகள் உண்டு. மாநாடு என்பது திருமண விருந்தைப் போன்றது. விருந்து சிறக்க வேண்டியதே. ஆனால் குடும்பம் வாழ்வது விருந்தினால் அன்று. நாள்தோறும் எரியும் அடுப்பினால்தான். மலர் வெளியிடுவதும் பொன்னாடை போர்த்துவதும் மாநாட்டில் முடிந்துவிடும். ஏட்டைப் பெயர்த்தெழுதுவதும், அச்சுப்பிழை பார்ப்பதும், இளைஞருக்கு ஒரு படலத்தைப் பொருள் கூறிக் கற்பிப்பதும் பந்தல் பிரிந்த பின்னரே தொடங்க வேண்டிய பணிகள்.

இன்னொரு செய்தியையும் தயங்காது கூற வேண்டும். பழைய மாலைகளிலும் புராணங்களிலும் உள்ள சில கருத்துகளை இன்று ஏற்காதவர்கள் நம்மிடையே உள்ளனர். அவற்றைப் போற்றி ஓதுவோரும் உள்ளனர். அந்த விவாதத்தை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் ஒரு நூலின் கருத்தை ஏற்காமலிருப்பது வேறு, அந்நூலை அழியவிடுவது வேறு. மறுப்பதற்கும் நூல் கையில் இருக்க வேண்டும் அல்லவா? நம் முன்னோர் எப்படி வாழ்ந்தனர், எவ்வாறு தொழுதனர், எந்தச் சொற்களால் தம் பிள்ளைகளுக்கு நற்பண்பைப் புகட்டினர் என்பதற்கு அந்நூல்களே சாட்சிகள். சாட்சியைக் காப்பது எல்லோர்க்கும் பொதுவான கடமையாகும்.

நெடுஞ்சாலை ஓரத்து இல்லங்கள்

இனி, நம் காலத்துக்கும் நம் வாசலுக்கும் வருவோம்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலை ஒரகடத்தின் வழியே செல்கிறது. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் வாலாஜாபாத். அருகே, இராமானுசர் அவதரித்த தலம் எனத் தமிழகம் அறிந்த திருப்பெரும்புதூர். ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதியின் தோற்றம் தொண்ணூறுகளின் இறுதியில் மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பெற்றது. வாகனம், கண்ணாடி, டயர், கைப்பேசி என்று பலவகை ஆலைகள் எழுந்தன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகால் தொழிற்பூங்காவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பெற்றது. ஒரு பேரூரின் மக்கள் தொகை ஒரே வளாகத்தில் வந்து தங்குகிறது என்றால் இம்மாற்றத்தின் அளவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் இங்கு மக்கள் வருகின்றனர். அவர்களுள் நம் இளைஞர்களும் நம் பெண்மக்களும் உள்ளனர். வருகின்றபோது துணிமணி வருகிறது, பாத்திரம் வருகிறது, சான்றிதழ்கள் பத்திரமாக வருகின்றன. பாட்டனார் ஓதிய பழைய கிதாபு மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. கரையானுக்கு விடுமுறை இல்லை. சில ஆண்டுகளில் வீட்டை இடித்துக் கட்டுகின்றனர். அப்போது மூலையில் கிடந்த மூட்டை பழைய காகிதக் கடைக்குப் போகிறது. இப்படி மறைந்த நூல்களுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை.

ஆலைத் தொழிலின் இயல்பையும் நாம் அறிவோம். திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலையளித்த நோக்கியா கைப்பேசி ஆலை, 2014-இல் மூடப்பெற்றது. அன்று பலர் மீண்டும் பெட்டி கட்டினர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குடும்பம் பெயரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏதேனும் ஒரு நூல் குறைகிறது. பாட்டியாருக்குத் தெரிந்த ஒரு பாடலும் மறைகிறது. ஆதலால்தான் மதுரைக்கும் கீழக்கரைக்கும் காயலுக்கும் உரியது என்று எண்ணிய இப்பணி, இன்று ஒரகடத்துச் சாலையோரம் வாழும் குடும்பங்களுக்கும் உரியதாயிற்று.

பெண்கள் காத்த கல்வி

இங்கே பெண்மக்களின் பங்கைத் தனியே கூற வேண்டும். அரபுத்தமிழ் என்றொரு எழுத்து மரபு நம்மிடம் இருந்தது. அரபு எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைக் கூட்டி, தமிழை அவ்வெழுத்தில் எழுதினர். திருக்குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் தமிழ் எழுத்துப் பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லாத காலத்தில், அவ்வெழுத்தின் வழியே மார்க்கச் சட்டத்தையும் நல்லொழுக்கத்தையும் தம் தாய்மொழியில் பயின்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அவ்வெழுத்தில் பல நூல்களை இயற்றி வழங்கினார்கள். தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993-இல் வெளியிட்ட பெரும் ஆய்வுநூல் அம்மரபின் பரப்பை உலகுக்கு எடுத்துக்காட்டிற்று.

பெண்கள் கற்றதோடு நிற்கவில்லை, பாடவும் செய்தனர். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், கீழக்கரை ஆசியா உம்மா ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்களை இயற்றினர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். ஆகவே, தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கும் சகோதரியே, இலக்கியம் உனக்கு அயலானது என்று எண்ணாதே. உன் பாட்டியின் பாட்டி காத்த செல்வம் அது.

நாம் செய்யக்கூடியவை

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெருஞ்செலவு ஏதும் வேண்டாம். ஐந்து பணிகளைக் கூறுகிறோம்.

முதலாவது, வாரம் ஒருமுறை கூடுங்கள். பத்துப் பேர் போதும். முறைவேலை செய்வோருக்கு வார விடுமுறை ஒரே நாளில் அமைவதில்லை; ஆதலின் பெரும்பாலோருக்கு இசைந்த ஒரு வேளையைத் தேர்ந்து கொள்ளுங்கள். பள்ளிவாசலை ஒட்டிய அறையோ, ஒருவர் வீட்டுத் திண்ணையோ, விடுதியின் பொது அறையோ எதுவாயினும் ஆகும். சீறாப்புராணத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து விருத்தங்கள் படித்துப் பொருள் காணுங்கள். நூல் கிடைக்கவில்லை என்று கூற இன்று இடமில்லை. மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வலர் முயற்சி அதனைக் கணினியில் ஏற்றி யாவர்க்கும் இலவசமாக வழங்கியுள்ளது. கைப்பேசியிலேயே படிக்கலாம். அரும்பதங்களுக்குப் பொருள் தெரியவில்லையெனில் அருகிலுள்ள தமிழாசிரியரை அழையுங்கள். அவர் எச்சமயத்தவராயினும் மகிழ்ந்து வருவார். கம்பனைக் கற்று மேடைதோறும் முழங்கிய நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்களைத் தமிழுலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. விபுலாநந்தரோ உவைஸை நம் இலக்கியத்தின்பால் செலுத்தினார். தமிழ்ச் சங்கங்கள் இவ்வாறே வளர்ந்தன.

இரண்டாவது, பெருநாள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டிலுள்ள பழைய நூல்களைப் பட்டியலிடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு ஆகிய ஐந்தையும் குறியுங்கள். ஆண்டு ஹிஜ்ரியில் இருந்தால் அவ்வாறே எழுதுங்கள். ஹிஜ்ரி 1300 என்பது 1882-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம். முகப்புத் தாள் கிழிந்திருந்தால் முதற்பாட்டின் தொடக்கத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். நூலை அடையாளம் காண அது உதவும்.

மூன்றாவது, முதியோரின் நாவிலுள்ளதைக் காத்துக் கொள்ளுங்கள். தாலாட்டு, கலியாணப் பாட்டு, முனாஜாத்து, நோன்புக் காலத்துப் பாடல் என்று பல எழுத்தில் ஏறாதவை. அவர்களின் இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள். பாடியவர் ஊரையும் நாளையும் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். அக்குறிப்பில்லாத பதிவு பின்னாளில் ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படாது.

நான்காவது, நூலை வீட்டில் பூட்டி வைப்பதால் மட்டும் அது காக்கப்படாது. 1994 முதல் சென்னையில் இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் முத்தையா செட்டியார் என்னும் தனி மனிதர் தேடித் தேடிச் சேர்த்த தொகுப்பிலிருந்து உருவானது. பழைய தமிழ் அச்சு நூல்களைப் பேணுவதில் அது தேர்ந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. இத்தகைய இடங்களுக்குத் தெரிவித்தால் நூலைப் படமெடுத்துக் காக்கும் வழியைக் கேட்டறியலாம். மூல நூலைத் தர மனமில்லையெனில் படியையேனும் தரலாம்.

ஐந்தாவது, பெயர்ந்து வாழும் ஊரைப் பற்றியும் எழுதுங்கள். 1885-இல் இலங்கையின் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டபோது, தமிழில் நாவல் என்பதே புதிது. புதிய காலத்துக்குப் புதிய வடிவம் வேண்டும் என்பதை அவர் அஞ்சாது ஏற்றார். ஆலை வாழ்வையும் விடுதி வாழ்வையும் வாடகை அறையில் கழியும் முதல் நோன்பையும் பாடவும் எழுதவும் நம் இளைஞர் முன்வர வேண்டும். பழையதைக் காப்பவர்க்கே புதியதைப் படைக்கும் தகுதி வாய்க்கும்.

முடிவாக

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் இறைவசனங்களே ஓதுவதையும் எழுதுகோலையும் குறித்தவை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஓதுதல் நாவினால் நிகழ்வது. எழுதுகோலோ, நா ஓய்ந்த பின்னும் பேசுவது. அவ்விரண்டையும் பெருமைப்படுத்திய மார்க்கத்தைச் சேர்ந்த நாம், நம் முன்னோர் எழுதுகோல் பிடித்து எழுதியவற்றைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு இருப்பது தகுமா?

பல்சந்தமாலையின் எட்டுச் செய்யுள்களைப் பெயரறியா உரையாசிரியர் ஒருவர் காத்தார். சீறாவைச் சேகனாப் புலவர் காத்தார். உவைஸின் ஆய்வைக் கல்ஹின்னையின் சிறு மன்றம் காத்தது. இவர்களுள் எவரும் காலம் கனியட்டும், செல்வர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினர். ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வாழும் சகோதர சகோதரிகளே, உங்கள் இல்லத்தில் இன்றும் எங்கோ ஒரு மூலையில் ஒரு நூல் இருக்கக்கூடும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அந்த மூலையைத் திறந்து பாருங்கள். எடுத்து வந்து பத்துப் பேர் நடுவே வைத்துப் படியுங்கள். அன்றே உங்கள் ஊரில் ஒரு சங்கம் பிறந்துவிடும்.

எல்லாம் வல்ல இறைவன் அந்நற்பணிக்குத் துணை நிற்பானாக!